செவ்வாய்க்கிழமை மருந்து

உக்காருங்க சார். அந்தப் பாஸ்புக் மிஷின் இப்போதைக்குச் சரியாகாது. புத்தகத்தை உள்ள விட்டா பாதி முழுங்கிட்டு அப்படியே நிக்குது. ஆள் வரச் சொல்லியிருக்காங்களாம். உங்களுக்கு முன்னாடி இன்னும் ஏழெட்டு டோக்கன் இருக்கு, பேசிக்கிட்டு இருக்கலாம்.

நான் பாஸ்புக் போட வரல. சண்டை போட வந்தேன். போட்டாச்சு. மேனேஜரம்மா சின்னப் பொண்ணு, முழுசாக் கேட்டுச்சு, கேட்டுட்டு வாயைப் பொத்திக்கிட்டு உள்ள போயிருச்சு. சிரிக்கத்தான் போயிருக்கும், சிரிக்கட்டும். ஆனா இந்த பேங்க் அடிச்சுக் குடுத்த ஒத்தை வரியை நம்பி, கல்லு மாதிரி இருக்கிற பொண்டாட்டிக்கு நான் மனசுக்குள்ள கருமாதியே பண்ணி முடிச்சிருக்கேன். அதுல சிரிக்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல.

நான் ஈபியில ரீடிங் எடுத்தவன். இந்தப் புதுக்கோட்டையில நான் ஏறாத மாடி கிடையாது, என்னைப் பாத்துக் குரைக்காத நாய் கிடையாது. எங்க தொழில்ல ஒரு பாடம் உண்டு சார். வீட்டு ஆளுங்ககிட்ட எதையும் கேக்கப்படாது. "ஏசி ஓடுதா?"ன்னு கேட்டா, "எங்கங்க, ஃபேன்கூடப் போடுறதில்ல"ம்பாங்க. மீட்டரைப் பாத்தா அது உள்ளதைச் சொல்லிரும். ரிட்டையர் ஆனதுக்கப்புறம் எனக்கு மீட்டர்னு இருக்கிறது இந்தப் பாஸ்புக் ஒண்ணுதான். பென்ஷன் கணக்கு, என் பேரும் வீட்டுக்காரி பேரும் சேர்ந்து இருக்கு. கேஸ் சிலிண்டர், அவசரம்னு வச்சுக்கட்டும்னு அவளுக்கும் ஒரு கார்டு வாங்கிக் குடுத்தேன். மாசம் பொறந்தா இங்க வந்து அடிச்சுக்கிட்டுப் போயி, கண்ணாடியப் போட்டுக்கிட்டு வரிவரியாப் பாப்பேன்.

அவ பேரு திலகவதி. குத்தம் சொல்ல முடியாத பொம்பள. நானும் அப்படித்தான்னு வைங்க. குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது, வெளியில ஒரு டீகூடக் குடிக்க மாட்டேன். சாப்பாடு சூடா இருக்கணும், அவ்வளவுதான் என் பலவீனம். தோசைன்னா கல்லுல இருந்து ஒண்ணொண்ணா வரணும். ரெண்டைச் சேத்துக் கொண்டாந்து போட்டா எனக்கு இறங்காது. அவ அடுப்புக்கும் கூடத்துக்குமா நடந்து நடந்து போடுவா. நான் எந்திரிச்ச பிறகு, மாவு வழிச்ச கடைசி தோசை இருக்கு பாருங்க, ஓரம் பிஞ்சு போயி, அதை அவ சாப்பிடுவா. அவளுக்கு அதுதான் பிடிக்கும்.

தை மாசத்துப் புத்தகத்துலதான் அந்த வரியப் பாத்தேன். நியூ ஜெயம் மெடிக்கல்ஸ். தொகை நூத்திச் சொச்சம். சரி, ஏதோ தலைவலி மாத்திரைன்னு நினைச்சா, அடுத்த வாரமும் அதே பேரு, அதே தொகை. அதுக்கடுத்த வாரமும் அப்படியே. தேதியக் காலண்டர்ல வச்சுப் பாக்குறேன், எல்லாம் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை அவ கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போறவ. எங்க தெருமுனையிலயே ஒரு மெடிக்கல் இருக்கு சார். அதை விட்டுட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கிற கடைக்கு ஒருத்தி போறான்னா, தெரிஞ்சவங்க கண்ணுல படக்கூடாதுன்னுதானே அர்த்தம்?

"அவகிட்டயே கேட்டிருக்கலாமே"ம்பீங்க. மேனேஜரம்மாவும் இதைத்தான் கேட்டுச்சு. கேட்டா அவ சொல்லிருவாளே சார். அவ வாயால ஒரு பேரைச் சொல்லிட்டா அப்புறம் அந்த வியாதி எங்க வீட்டுக்குள்ள வந்து உக்காந்துரும்ல. பயமா இருந்துச்சு. ஈபியில கம்பத்து மேல இருந்து விழுந்தவனைத் தூக்கியிருக்கேன், அப்பக்கூட இப்படிப் பயந்ததில்ல.

அந்தக் கடைக்கு நேராப் போனேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடி, வெள்ளைச் சட்டை, நல்ல மனுசன். அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசல நான். பொதுவாக் கேட்டேன். "வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் சாப்பிடுற மருந்துன்னு ஏதாவது இருக்கா?"

அவரு என்னைப் பாத்தாரு. "இருக்கு. யாருக்கு?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"சும்மா சாப்பிடுற மருந்து இல்லங்க அது. பெரிய வியாதிக்குக் குடுப்பாங்க. டாக்டர் சீட்டு இல்லாமத் தர மாட்டேன்."

"நூத்திச் சொச்சம் வருமா?"

"அதுவும் வரும், அதுக்கு மேலயும் வரும். மருந்துல எல்லா விலைக்கும் இருக்கு."

இதுக்கு மேல ஒருத்தருக்கு என்ன சார் வேணும்? கடை வாசல்ல கொஞ்ச நேரம் நின்னேன். பக்கத்துக் கடையில யாரோ தோசை சுட்டுக்கிட்டு இருந்தாங்க, நெய் வாசனை. உலகம் பாட்டுக்கு அது வேலையப் பாக்குது, என் வீட்டுல மட்டும் இடி விழுந்துருச்சேன்னு நினைச்சுக்கிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தா அவ துணி காயப் போட்டுக்கிட்டு இருக்கா. வாளியத் தூக்குறா, உதறுறா, எக்கிக் கொடியில போடுறா. பெரிய வியாதியை வச்சுக்கிட்டு எப்படி வேலை செய்யுறா பாருன்னு ஓடிப் போனேன். வாளியப் புடுங்கிட்டேன். "இனிமே இதை நான் பாத்துக்கிறேன்"னேன்.

அவ என்னையே பாத்தா. "யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"ன்னா.

மறுநாள் காலையில காப்பி போட்டு அவ படுக்கைக்கே கொண்டுபோனேன். எந்திரிச்சு உக்காந்தவ டம்ளரை வாங்கவே இல்ல. "என்ன ஆச்சு, ஓசூர்ல இருந்து போன் வந்துச்சா, பாப்பாவுக்கு ஏதும் ஒண்ணுமில்லையே?"ன்னு பதறுறா. எங்க மக ஓசூர்ல இருக்கா. ஒண்ணுமில்ல, குடின்னேன். குடிச்சா. முதல் நாள் பயந்துக்கிட்டே குடிச்சா, நாலாம் நாள்ல இருந்து எனக்கு முன்னாடியே முழிச்சுக்கிட்டு, முழிக்காத மாதிரி படுத்திருப்பா.

அப்புறம் நான் எதையும் விடல சார். செய்யுறதைத் திருந்தச் செய்யணும்னு எங்கப்பா சொல்லுவாரு. மாதுளம்பழம் வாங்கி உதிர்த்துக் குடுத்தேன். வெந்நி வச்சுக் குடுத்தேன். தோசை சுடக் கத்துக்கிட்டேன். முதல் தோசை கல்லை விட்டு வரமாட்டேன்னு அடம் புடிச்சுது, அடுத்தடுத்தது வட்டமாகவே வந்துச்சு. அவளைக் கூடத்துல உக்கார வச்சு ஒண்ணொண்ணாக் கொண்டாந்து போட்டேன். "இன்னொண்ணு வைக்கவா?"ன்னு கேட்டா, அப்படிப் பாப்பா. ஏதோ கேக்கக்கூடாததைக் கேட்டுட்ட மாதிரி. "வைங்க"ம்பா. சில நாள் அதுக்கு மேலயும் ஒண்ணு கேப்பா. நோயாளிக்குப் பசி எடுக்குதேன்னு எனக்குச் சந்தோஷம்.

ராத்திரியில அவளுக்குக் கால் அமுக்கி விடுவேன். அப்ப ஏதாவது சொல்லுவா. சின்ன வயசுல சைக்கிள் ஓட்டுனது, அவங்க ஊருக் கண்மாயில விழுந்தது. இதெல்லாம் ஏன் முன்னாடி சொல்லலன்னு கேட்டேன். "ஏழு மணிக்கு நியூஸ் போட்ருவீங்கள்ல"ன்னா. ஆமா, நியூஸ் போட்டா எனக்குப் பேசப் புடிக்காது. அந்த மூணு மாசம் நான் நியூஸே பாக்கல சார், நாட்டுல என்ன நடந்துச்சுன்னே தெரியாது.

போட்டோ எடுத்ததையும் சொல்லிடுறேன். எங்க வீட்டுல அவ தனியா இருக்கிற படம் ஒண்ணுகூட இல்ல. கல்யாணத்துல என்கூட நிக்கிறது, மக கல்யாணத்துல கூட்டத்தோட நிக்கிறது, அவ்வளவுதான். நாளைக்குத் தேவைப்படும்னா, குரூப் போட்டோவுல இருந்து தலைய வெட்டி ஒட்டுவாங்க, கண்றாவியா இருக்கும். நிறைய துக்க வீட்டுல பாத்திருக்கேன். அதனால பட்டுச்சேலை கட்டச் சொல்லி ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். போற வழியில பூ வாங்கிக் குடுத்தேன். ஸ்டூடியோக்காரன் "எந்த சைஸ் சார்?"ன்னான். "கூடத்துல மாட்டுற சைஸ், வாசல்ல இருந்து பாத்தாலும் முகம் தெரியணும்"னேன். அவ வெக்கப்பட்டா சார். இந்த வயசுல சிரிச்சுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டா. படம் அந்தச் சிரிப்போடயே விழுந்துருச்சு. படத்தைப் பாத்துட்டு நான் பாத்ரூமுக்குள்ள போயி அழுதேன், குழாயத் தொறந்து விட்டுட்டு.

சித்திரை மாசம் புத்தகம் அடிக்க வந்தேன். இதே மிஷின், அன்னிக்கு நல்லா ஓடுச்சு. வீட்டுக்குப் போயிக் கண்ணாடியப் போட்டுப் பாக்குறேன், ஜெயம் மெடிக்கல்ஸ் இல்ல. பங்குனியில ஒரே ஒரு வரி இருக்கு, அதுக்கப்புறம் காணோம். செவ்வாய்க்கிழமையில அவ வெளியில போறதையும் நிறுத்தியிருக்கான்னு அப்பதான் எனக்கு உறைக்குது. எங்க தொழில்ல, ஓடிக்கிட்டு இருந்த மீட்டர் திடீர்னு நின்னுச்சுன்னா ரெண்டே அர்த்தம்தான். ஒண்ணு மீட்டர் கெட்டுருக்கணும், இல்லாட்டி வீட்டுல ஆள் இல்லாமப் போயிருக்கணும்.

டாக்டர் கைவிட்டுட்டாரு, இனி மருந்து எதுக்குன்னு இவளே நிறுத்திட்டான்னு முடிவு பண்ணிட்டேன்.

அன்னிக்குச் சாயங்காலம் தோசை சுட்டுப் போட்டேன். ரெண்டாவது தோசையக் கையில வச்சுக்கிட்டு நின்னவன் அப்படியே தரையில உக்காந்துட்டேன். "மருந்தை ஏன் நிறுத்துனே?"ன்னேன்.

"எந்த மருந்து?"

"மறைக்காதே. எனக்கு எல்லாம் தெரியும். எத்தனை நாளுன்னு சொல்லியிருக்காங்க?"

"யாரு?"

"டாக்டருதான்."

அவ தட்டை நகத்தி வச்சா. அப்புறம், "ஜெயம் மெடிக்கல்ஸா?"ன்னா. ஆமான்னேன். சிரிக்க ஆரம்பிச்சா பாருங்க. நான் அழுதுக்கிட்டு இருக்கேன், இவ சுவத்துல சாஞ்சுக்கிட்டுச் சிரிக்கிறா. மூச்சு வாங்குது, கண்ணுல தண்ணி. வியாதி தலைக்கு ஏறிருச்சுன்னுகூட ஒரு நிமிஷம் நினைச்சேன்.

விஷயம் இதுதான் சார். அந்த மெடிக்கல் பக்கத்துல நெய் வாசனை வந்துச்சுன்னேன்ல, அது கருப்பையான்னு ஒருத்தர் போட்டிருக்கிற தோசைக்கடை. நாலு பெஞ்சுதான். அவருக்குக் கார்டு மிஷின் கிடையாது. யாராவது கார்டு நீட்டினா, பக்கத்துல போயி மெடிக்கல்காரரு மிஷினை வாங்கிட்டு வந்து தேய்ப்பாரு. மெடிக்கல்காரரு சாயங்காலம் பணமாக் குடுப்பாரு, இல்லன்னா காலையில சாப்பிடுற டிபன்ல கழிச்சுக்குவாரு. அண்ணன் தம்பியா இருக்காங்க ரெண்டு பேரும். தின்னது தோசை, பாஸ்புக்குல ஏறினது மெடிக்கல். மலையைக் கெல்லி எலியைப் புடிச்ச கதை.

"கோயிலுக்குன்னு சொல்லிட்டுத் தோசை திங்கவா போனே? வீட்டுல தோசை இல்லையா?"ன்னேன்.

"கோயிலுக்குப் போயிட்டுத்தான் போவேன்"ன்னா. "வீட்டுல தோசை இருக்கு. நான் உக்காந்து, இன்னொருத்தர் சுட்டுக் கொண்டாந்து வைக்கிற தோசை இல்ல. ஒருநாள் மழைக்கு அங்க ஒதுங்குனேன். அவரு இலையப் போட்டு, சூடா ஒண்ணு வச்சு, சட்னியக் கேக்காமலே ஊத்துனாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. வாரத்துக்கு ஒரு தடவை போவேன். பாஸ்புக்குல மெடிக்கல்னுதாம்மா வரும்னு சொன்னாரு. மருந்துன்னா நீங்க கணக்குக் கேக்க மாட்டீங்கன்னு இருந்துட்டேன்."

"அப்ப ஏன் நிறுத்துனே?"

"அதான் நீங்களே போடுறீங்களே. அப்புறம் நான் எதுக்கு அங்க போகணும்?"

இதைச் சொன்னப்பவும் சிரிப்பு இருந்துச்சு அவ முகத்துல. அப்புறம் கூடத்துச் சுவத்துல மாட்டியிருக்கிற போட்டோவைப் பாத்தா. பெரிய சைஸ்ல சிரிச்சுக்கிட்டு இருக்கா. அதைக் கைகாட்டி, "அப்ப இது?"ன்னா.

நான் கையில இருந்த தோசையப் பாத்துக்கிட்டு இருந்தேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். அவ சாப்பிடாம எந்திரிச்சு, கையைக் கழுவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறிப் படத்தைக் கழட்டிப் பீரோ மேல வச்சுட்டா.

எனக்குக் கோபம் சார். இருக்காதா? மூணு மாசம். மாதுளம்பழம் விக்கிற விலையில மூணு மாசம். துணி துவைச்சு, கால் அமுக்கி, நியூஸ் பாக்காம, பாத்ரூம்ல அழுது, எல்லாம் கல்லு மாதிரி இருக்கிற ஒரு ஆளுக்கு. மனுசனை இப்படியா ஏமாத்துறது? "நான் பட்ட பாடெல்லாம் வீணாப் போச்சே"ன்னேன். "வீணாப் போகல, நான் சாப்பிட்டேன்"ன்னா. அதுக்கு என்ன அர்த்தம்னு இன்னும் எனக்குப் புடிபடல.

மறுநாள்ல இருந்து நானும் காப்பி போடல. நல்லா இருக்கிறவளுக்கு எதுக்கு? அவளும் ஒரு வார்த்தை கேக்கல. காலையில எந்திரிச்சா, டிகாஷன் இறக்கினா, எனக்குக் கொண்டாந்து வச்சா. பழையபடி தோசை ஒண்ணொண்ணா வருது, நானும் ஏழு மணி நியூஸ் பாக்குறேன். வீடு சரியாயிருச்சு. வைகாசிப் புத்தகத்துல செவ்வாய்க்கிழமை திரும்ப வந்துருச்சு, ஜெயம் மெடிக்கல்ஸ்.

நான் போயி அந்தக் கருப்பையாகிட்டயே கேட்டேன். "அந்தம்மாவா? வாங்க சார், உக்காருங்க"ன்னாரு. "மூலை பெஞ்சுல உக்காருவாங்க. பேசவே மாட்டாங்க. நெய் ரோஸ்ட், ஒரு காப்பி. நடுவுல ஒரு மாசமா ஆளைக் காணோம், ஒடம்புக்கு முடியலையோன்னு நினைச்சேன். இப்ப வர்றாங்க. ஆனா முன்ன மாதிரி முழுசாச் சாப்பிடுறதில்ல சார், பாதியில வச்சுட்டு உக்காந்திருக்காங்க." நான் ஒண்ணும் சாப்பிடாம வந்துட்டேன். எனக்கு வெளியில சாப்பிட்டா ஒத்துக்காது.

பாதியில வச்சுட்டு உக்காந்திருக்காங்கன்னு அவரு சொன்னது மனசுக்குள்ளயே கிடந்துச்சு சார். சுட்டதைக் குடுத்தா மிச்சம் வைக்கிற ஆளில்ல அவ, நான் சுட்ட தோசையில ஓரத்தைக்கூட விட்டதில்ல. நாலு நாள் யோசிச்சேன். நேத்து சாயங்காலம் நானாத்தான் போனேன், அவ மாவாட்டிக்கிட்டு இருந்தா. "இந்தா பாரு, கோபதாபமெல்லாம் இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை நீ அங்க போக வேணாம். முன்ன மாதிரி நானே சுட்டுப் போடுறேன். எனக்கு ஒண்ணும் சிரமமில்ல, கை பழகிருச்சு"ன்னேன். யாரு சார் இப்படி இறங்கிப் போவா? அவதானே பொய் சொன்னா, நான் இறங்கிப் போறேன்.

அவ கிரைண்டரை நிறுத்தல. மாவைத் தள்ளி விட்டுக்கிட்டே சொன்னா. "வேணாங்க. அப்ப நீங்க செஞ்சதெல்லாம் சாகப் போறவளுக்கு. எனக்கு இல்ல."

அவ்வளவுதான். ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, காலையில நேரா இங்க வந்துட்டேன். தோசை தின்னா தோசைன்னு அடிங்க, ஏன் மெடிக்கல்னு அடிச்சுக் குடும்பத்தைக் கெடுக்குறீங்கன்னு கேட்டேன். மிஷின் யாரோடதோ அவங்க பேருதான் சார் வரும்னு மேனேஜரம்மா சொல்லுது. வரட்டும். அது பேங்க் பாடு.

உங்க நம்பர் வந்துருச்சு, அந்தா லைட் எரியுது. போங்க. ஒரு நிமிஷம் சார், இதை மட்டும் சொல்லிட்டுப் போங்க. அந்த மூணு மாசம் நான் சுட்டுப் போட உக்காந்து சாப்பிட்டதும் அவதான், நேத்து மாவாட்டிக்கிட்டு இருந்ததும் அவதான். ரெண்டும் ஒரே பொம்பளதானே?